பாய் எந்தப் பக்கம் நனைந்தது? காட்டில் படுப்பவர்களுக்கான திருத்தக் குறிப்பு

கிழக்கிலங்கையில் திருக்கோவில் என்னும் ஊரில் கன்வஸ் தைத்தும் தறப்பாளுக்கு ஒட்டுப் போட்டும் பிழைப்பவன் நான். என்னிடம் இரண்டு பருவங்களில் இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் வட்டைக்குள் (வயல்வெளியில்) வாடி (காவற்குடில்) கட்டி, யானைக்கும் பன்றிக்கும் காவல் கிடப்பவர்கள். ஆனி, ஆடியில் வருகிறவர்கள் கதிர்காமத்துக்கு நடக்கும் சாமிமார். முதல் கூட்டத்தின் படுக்கை மழையில் நனைந்திருக்கும். இரண்டாவது கூட்டத்தின் படுக்கை ஒரு துளி மழையும் இல்லாமலே நனைந்திருக்கும். இரு கூட்டமும் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: "புதுத் தறப்பாள் வாங்கிவிடலாமா?"

பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன். தறப்பாள் நன்றாகத்தான் இருக்கும். விரித்த விதமோ, சுருட்டிய நேரமோ, கட்டிய முடிச்சோ பிழையாக இருக்கும்.

இங்கே பாய்ச்சுருள் என்று நான் சொல்வது நம் பக்கத்து வழக்கமான கட்டைத்தான். வெளியே தறப்பாள் அல்லது கன்வஸ், அதற்குள் பன் என்னும் கோரையில் இழைத்த பாய், பாய்க்குள் மருதமுனைக் கைத்தறி விரிப்பு அல்லது பழைய சாரம் (லுங்கி) இரண்டு, ஒரு போர்வை. இரண்டு கயிற்றால் கட்டித் தோளில் மாட்டுவது.

முதலில் ஒரு சோதனை

எந்தக் கோளாறானாலும் ஒரு பழைய பத்திரிகையோடு தொடங்குங்கள். ஒரு தாளைக் கீழ்விரிப்புக்கும் (பாய்க்கடியில் தரையில் விரிக்கும் தறப்பாள்) பாய்க்கும் இடையில் வையுங்கள். இன்னொன்றைப் பாய்க்கும் துணிக்கும் இடையில் வையுங்கள். மூன்றாவதைப் போர்வையின் மேல் ஊசியால் குத்திவிட்டுப் படுங்கள். விடிந்ததும் எடுத்துப் பாருங்கள்.

தாள் திட்டுத் திட்டாக நனைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கோடாக நனைந்திருந்தால் தையலோ விளிம்போ காரணம். முழுத்தாளும் ஒரே சீராக நமத்துப் போயிருந்தால் அந்த ஈரம் வெளியிலிருந்து வரவில்லை. உங்கள் மூச்சும் வியர்வையும்தான். மேல்தாள் மட்டும் மேற்புறம் நனைந்திருந்தால் பனி. இதைச் செய்யாமல் என்னிடம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்தவர்களும் உண்டு.

கோளாறு 1: மழையே இல்லை, காலையில் போர்வை பிழியும்படி ஈரம்

யாத்திரைக்காரரின் முறைப்பாடுகளில் முதலிடம் இதற்கு. எளிய காரணத்திலிருந்து பார்ப்போம்.

அதிகாலையில் ஈரத்தோடு சுருட்டினீர்களா? சாமிமார் வெயிலுக்கு முந்தி நடக்க வேண்டும் என்று நாலு மணிக்கே எழுந்து கட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் துணி உலர்ந்தது போலத்தான் தெரியும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிரும். அந்தக் குளிர்ச்சிதான் ஈரம். அதைச் சுருட்டி நாள் முழுவதும் தோளில் சூடேற்றி, இரவில் அதே ஈரத்தை விரிக்கிறீர்கள். மதியம் இளைப்பாறும் இடத்தில் அரை மணி நேரம் பிரித்துப் போடுங்கள். ஆடி மாதத்துக் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றுக்கு அதற்கு மேல் நேரம் தேவையில்லை.

கடலில் குளித்த துணியா? காட்டுப்பாதை தொடங்கும் கடலோரக் கோவிலான உகந்தையில் இதை அடிக்கடி பார்க்கலாம். கடலில் முழுகிவிட்டு, சாரத்தைப் பாறையில் காயப்போட்டு, இரவில் அதையே போர்த்துக்கொள்வார்கள். பகலில் பப்படம் மாதிரி மொடமொடவென்று இருக்கும். நள்ளிரவில் தொட்டால் பிசுபிசுக்கும். துணியில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நுனியை நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசினால் தீர்ந்தது. தண்ணீர் தட்டுப்பாடு என்றால் அந்தச் சாரத்தை இடுப்புக்கே வைத்துக்கொண்டு வேறொன்றைப் போர்த்துங்கள்.

தறப்பாளையே போர்வையாக இழுத்து மூடினீர்களா? பத்திரிகைத் தாள் ஒரே சீராக நமத்திருந்தால் இதுதான். தறப்பாள் மழையை உள்ளே விடாது, வியர்வையை வெளியே விடாது. அதை உடம்பிலிருந்து ஒரு சாணாவது உயர்த்திக் கட்டுங்கள். தலைமாடும் கால்மாடும் திறந்திருக்கட்டும், காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போக வேண்டும்.

வெட்டவெளியில் படுத்தீர்களா? வில்லு எனப்படும் நீர்நிலை ஓரத்திலும் ஆற்று மணலிலும் வானம் தெளிந்த இரவில் பனி கொட்டும். நாலு முழம் நகர்ந்து மரத்தின் கீழே போனால் பாதி குறையும். ஆற்று மணலை விட்டு விலக வேறொரு காரணமும் உண்டு. கும்புக்கன் ஆறும் மாணிக்க கங்கையும் ஊவா மலைகளிலிருந்து இறங்குகின்றன. உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் இருக்கும்போதே மேலே பெய்த மழை இங்கே வந்து சேரலாம். தண்ணீர்க் கரை யானையும் முதலையும் புழங்கும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தக் கோளாறுக்குத் தையற்காரர் தேவைப்பட்டதே இல்லை.

கோளாறு 2: முதுகுப் பக்கம் மட்டும் ஈரம்

கீழ்விரிப்பின் விளிம்பைப் பாருங்கள். மேலே கட்டிய கூரையைவிடக் கீழே விரித்தது அகலமாக இருக்கிறதா? அப்படியானால் கூரையிலிருந்து வடியும் தண்ணீரை நீங்களே தட்டில் ஏந்தி உங்கள் முதுகுக்குக் கொண்டுவருகிறீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை உட்பக்கமாக, கீழ்நோக்கி மடித்துவிடுங்கள். கீழ்விரிப்பு கூரையைவிட நாலு பக்கமும் ஒரு சாண் குறைவாக இருப்பது நல்லது. வட்டைக் காவல்காரர்களின் முறைப்பாடுகளில் பாதி இந்த ஒரு மடிப்போடு முடிந்துவிடும்.

அடுத்தது தரை. படுப்பதற்கு முன் வெறுங்காலால் நடந்து பாருங்கள். குழிவாக, மெத்தென்று இருக்கும் இடம் படுக்கச் சொல்லி அழைக்கும். மழை வந்தால் தண்ணீரும் அங்கேதான் படுக்கும். வரப்போரம், மேட்டுத் திடல் பார்த்துத் தலைமாட்டை மேட்டுப் பக்கம் வையுங்கள்.

மூன்றாவது, ஊசிக்கண் ஓட்டைகள். பகலில் தறப்பாளை இருவர் பிடித்துச் சூரியனுக்கு எதிராகத் தூக்குங்கள், ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும். ஓட்டைகள் நட்சத்திரம் போல மின்னும். ஒவ்வொன்றையும் கரித்துண்டால் வட்டமிடுங்கள். சென்ற ஆண்டு ஒரு சாமி திருநீற்றால் அடையாளம் வைத்துக் கொண்டுவந்தார். என் கடை வாசலுக்கு வரும் முன்னரே காற்று எல்லாவற்றையும் அழித்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தேடினோம்.

ஓட்டைக்கு ஒட்டுப் போடுவதில் எல்லோரும் செய்யும் தவறு, சைக்கிள் ரியூப்புக்குப் பூசும் பசையை எடுப்பது. அது றப்பருக்கானது. றப்பர் விரிப்பில் நன்றாகப் பிடிக்கும், நெய்த பிளாஸ்டிக் தறப்பாளில் இரண்டு நாளில் உரிந்துவிடும். தறப்பாளுக்கு அகலமான ஒட்டுநாடாவை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். முதலில் அழுக்கைத் துடைத்து, முற்றாக உலரவிட்டு, நாடாவின் நாலு மூலையையும் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும்.

நாலாவது காரணம் செலவு வைப்பது. தறப்பாளின் மேற்பரப்பைக் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். நீலத் துகள் விரலில் ஒட்டிக்கொண்டு, அடியில் சாக்கு மாதிரி நெசவு தெரிந்தால் அதன் பூச்சு வெயிலில் செத்துவிட்டது. ஒட்டுப் போட்டுப் பயனில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் தறப்பாளைத் தெரியாத வீடு இல்லை. அந்தக் காலத்துத் தறப்பாளை இன்னும் மடித்து வைத்திருந்து கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது நினைவுக்கு நல்லது. மழைக்கு உதவாது. கூரைக்கு வேறு வாங்குங்கள், பழையதைப் பாய்க்கடியில் முள் தடுக்கப் போடலாம்.

உரப்பைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த விரிப்பு என்றால் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். யூரியாப் பையைக் கழுவாமல் தைத்தால், நெசவிடுக்கில் தங்கிய உரம் தானே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும், தோலையும் அரிக்கும். மூன்று தண்ணீரில் அலசிய பிறகே ஊசி போடுங்கள்.

கோளாறு 3: மேலிருந்து ஒழுகுகிறது

எங்கே ஒழுகுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

கயிறு கட்டிய முனையில் ஒழுகினால்

ஓட்டை இல்லை. மரத்தில் வழியும் தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. கூரைக்கு ஒரு சாண் முன்னால், கயிற்றில் ஒரு துணிக்கீலத்தை முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த வாலில் இறங்கி வெளியே சொட்டிவிடும். செலவு, கிழிந்த சாரத்தின் ஒரு கரை.

நடுவில் குளம் கட்டி ஒழுகினால்

தொய்வுதான் காரணம். நைலோன் கயிறு நனைந்தால் நீளும். மாலையில் இழுத்துக் கட்டியது நள்ளிரவில் தொங்கும். முகட்டுக்கு ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி அதன் மேல் கூரையைப் போடுங்கள். முதல் தூறலோடு எழுந்து ஒரு தடவை இறுக்கிவிட்டுப் படுங்கள்.

கன்வஸில் தொட்ட இடத்தில் ஒழுகினால்

நனைந்த கன்வஸின் உட்பக்கத்தில் விரலோ தலையோ மூட்டையோ பட்டால் அந்த இடத்தில் கசியத் தொடங்கும். எதையும் சாய்த்து வைக்காதீர்கள். பட்டுவிட்டதா, அந்த இடத்திலிருந்து விரலை எடுக்காமல் விளிம்பு வரை ஒரு கோடாக இழுத்துவிடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டில் வழிந்து ஓரமாகப் போய்விடும்.

புதுக் கன்வஸ் முழுவதும் தூவானம் போல் கசிந்தால்

பதற வேண்டாம், கடைக்காரரோடு சண்டையும் வேண்டாம். பருத்தி நூல் நனைந்து ஊதினால்தான் நெசவு அடைபடும். வீட்டு முற்றத்தில் விரித்து நன்றாக நனைத்து, முழுதாகக் காயவிட்டு, இப்படி இரண்டு மூன்று தடவை செய்த பிறகு காட்டுக்குக் கொண்டுபோங்கள். புதுக் கன்வஸை முதல் முதலாக மார்கழி மழையில் விரித்துவிட்டு என்னிடம் வந்து நிற்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

பழைய கன்வஸ் முழுவதும் கசிந்தால்

முதற்கேள்வி: சவர்க்காரத் தூள் போட்டுத் துவைத்தீர்களா? துவைத்திருந்தால் அதன் காப்பு போய்விட்டது. கன்வஸுக்கு வெறும் தண்ணீரும் தும்புத் தூரிகையும் போதும். இனி மெழுகு ஏற்ற வேண்டும், கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் துணி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தை இரண்டு கட்டை விரல்களுக்கிடையே பிடித்து எதிரெதிராக இழுங்கள். பத்திரிகைத் தாள் போலக் கிழிந்தால் நூல் உக்கிவிட்டது. உக்கிய துணிக்கு மெழுகு போடுவதும் ஒன்று, ஆற்றில் போடுவதும் ஒன்று.

தையல் வரியில் கோடாக ஒழுகினால்

ஊசித் துளைகள்தான். இதற்கு அடுப்பே தேவையில்லை. தேன்மெழுகுக் கட்டியை வெயிலில் காய்ந்த சூட்டோடு தையல் மேல் அழுத்தித் தேய்த்து, கரண்டியின் பின்புறத்தால் உரசி உரசி உள்ளே ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். நூலே அறுந்து ஒரு சாணுக்கு மேல் வாய் பிளந்திருந்தால் மெழுகை வீணாக்காமல் தையற்காரரிடம் கொடுங்கள். கையூசியால் கன்வஸ் தைத்துப் பழக்கமில்லாதவர் தைத்தால் பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளைகள்தான் கூடும்.

மெழுகு ஏற்றும் முறை

என் அளவு இது: தேன்மெழுகு ஒரு பங்கு, வெள்ளை மெழுகுதிரி இரண்டு பங்கு. மெழுகுதிரியை மட்டும் உருக்கிப் பூசினால் மலிவு. மடித்த இடத்தில் வெடித்து உதிர்ந்துவிடும். தேன்மெழுகுதான் அதற்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது.

ஒரு தகர டின்னில் இரண்டையும் சீவிப் போட்டு, அந்த டின்னைக் கொதிநீர்ச் சட்டிக்குள் நிறுத்தி உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, மெழுகு தீப்பிடிக்கும். கன்வஸை மண் நீக்கி உலர்த்தி, உச்சி வெயிலில் தகரத்தின் மேல் விரித்துச் சூடாக்குங்கள். பழைய வர்ணத் தூரிகையால் மெல்லிய பூச்சாக, நெசவோட்டத்தின் வழியே இழுங்கள். பூசியதும் வெண்திட்டாக உறையும். அதன் மேல் பத்திரிகைத் தாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் வெண்மை மறைந்து துணி ஒரு நிறம் கறுக்கும். அப்போதுதான் மெழுகு நூலுக்குள் போயிருக்கிறது. வெண்மை மறையவில்லை என்றால் அது மேலே உட்கார்ந்திருக்கிறது, உதிரும். ஆறிய பிறகு கையால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேம்பிலையில் உருள்வது போல உருண்டு ஓட வேண்டும்.

செய்யக் கூடாதவை மூன்று. மெழுகை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கரைத்துப் பூசும் பழைய வழக்கம் வேண்டாம். நாற்றம் ஒரு புறம், நெருப்பு மறுபுறம். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். அது என்றைக்கும் உலராது, சிக்கடித்து நாறும், எறும்பையும் எலியையும் விருந்துக்கு அழைக்கும். பிளாஸ்டிக் தறப்பாளில் மெழுகு ஏற்ற முயலாதீர்கள், பிடிக்காது.

மெழுகேற்றிய துணிக்குப் பக்கத்தில் அடுப்பும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். பூசையைப் பத்தடி தள்ளி வைத்தால் முருகன் கோபிக்கமாட்டார்.

கோளாறு 4: கயிறு மாட்டும் வளையம் பிய்ந்துவிட்டது

கச்சான் காற்று இழுத்தால் முதலில் போவது வளையந்தான். காட்டில் இருக்கும்போது நடந்தால் திருத்தத் தரையில் ஒரு கல் போதும். பாக்கு அளவில், மழுங்கிய கூழாங்கல்லாகத் தேடுங்கள். பிய்ந்த மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே, தறப்பாளின் அடிப்புறமாகக் கல்லை வைத்து, மேலிருந்து துணியால் அதைப் பொதியுங்கள். ஒரு பொம்மைத் தலை மாதிரி எழும்பி நிற்கும். அதன் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுகும். கூர்மையான கல்லை வைத்தால் அதுவே ஓட்டை போடும்.

உகந்தைக்கு அப்பால் கொம்பு நடுவதற்கு மரம் வெட்டலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தேசியப் பூங்கா. கிளை ஒடிப்பதும் குற்றம். இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டப் பழகுங்கள்.

வீடு திரும்பியதும் வளையம் மாற்றித் தரச் சொல்லுங்கள். அடியில் ஒரு கன்வஸ் துண்டை இரட்டையாக வைத்துத் தைத்து அதன் மேல் வளையம் அடிப்பவரிடம் கொடுங்கள். வெறும் தறப்பாளில் அடித்த வளையம் அடுத்த காற்றுக்கு நிற்காது.

கோளாறு 5: பாய் நாறுகிறது, கரும்புள்ளி விழுந்திருக்கிறது

பூஞ்சணம். பன் பாயை ஈரத்தோடு தறப்பாளுக்குள் சுருட்டி இரண்டு நாள் வைத்தால் போதும். புள்ளி மேலோட்டமாக இருந்தால் உலர்ந்த தும்புத் தூரிகையால் காற்றோட்டத்தில் நின்று, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு துடையுங்கள். பிறகு காலை வெயிலில் இரண்டு பக்கமும் காயவிடுங்கள். நாள் முழுவதும் கடும் வெயிலில் விட்டால் பன் மொறுகி, சுருட்டும்போது படபடவென்று ஒடியும். அப்படி மொறுகிய பாயைச் சுருட்டும் முன் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் விடுங்கள், இளகும். மடிக்கவே கூடாது, சுருட்ட வேண்டும்.

புள்ளி மறுபக்கம் வரை ஊறி, பன் விரல்பட்டு உதிர்ந்தால் பாயை மாற்றுங்கள். விளிம்பு மட்டும் பிரிந்திருந்தால் துணிக்கரை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். பாய் இழைக்கும் பெண்களிடம் கொடுத்தால் அதைவிட நேர்த்தியாக விளிம்பு கட்டித் தருவார்கள்.

கோளாறு 6: விடியற்காலையில் குளிர் எலும்பைத் தொடுகிறது

மேலே இன்னொரு போர்வை தேடாதீர்கள். இருப்பதில் ஒன்றை எடுத்து அடியில் போடுங்கள், தரைதான் சூட்டை இழுக்கிறது. வாடிக்குள் என்றால் இரண்டு உரப்பைகளில் வைக்கோலை அடைத்துப் பாய்க்கடியில் வைத்தால் மெத்தை தோற்கும்.

கோளாறு 7: கடி, அரிப்பு, ஊரும் சத்தம்

எறும்பு என்றால் தலைமாட்டில் அவல், சர்க்கரை, வாழைப்பழம் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு காரணம் அநேகமாக இருக்காது. உணவைப் படுக்கையில் வைப்பது கரடியையும் யானையையும் அழைப்பதும் ஆகும்.

பாயின் அடிப்பக்கத்தில் மண்கோடு தெரிந்தால் கறையான். ஒரு இரவுக்குள் பாயைத் தின்னத் தொடங்கிவிடும். கீழ்விரிப்பு இல்லாமல் பாயை நேரே தரையில் போட்டிருப்பீர்கள். மண்ணைத் தட்டி உதறி இடம் மாற்றுங்கள்.

உண்ணி, மான் தடத்திலும் மாட்டுப் பட்டியிலும் ஏறும். காலையில் விரிப்பை உதறிவிட்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் பார்த்து நீக்குங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கரிய பொருக்கு ஒன்றும் தெரிந்தால் மருந்துக்கடையோடு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போய், காட்டில் படுத்ததைச் சொல்லுங்கள்.

தரையில் படுப்பவர்களுக்குப் பெரிய அபாயம் கட்டுவிரியன். இரவில் ஊர்ந்து படுக்கைக்கு வரும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே இருக்கலாம். விடியும்போது காரணமில்லாத வயிற்று வலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் என்று வரும். நுளம்பு வலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுவது நுளம்புக்கு மட்டுமன்றி இதற்கும் காவல். இந்த அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள காவல் அரணுக்கோ முதலுதவி நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். தொலைபேசி வேலை செய்யும் இடமென்றால் 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் கிடைக்கும்.

கடைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு

சுருளை உலர்த்திக் கொண்டுவாருங்கள். ஈரத்தில் தைத்தால் நூல் அடுத்த வாரமே உக்கத் தொடங்கும். ஓட்டையைக் கரியால் வட்டமிடுங்கள், மேலே எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டியதன் பசையை உரிக்க எனக்கு ஒரு மணி நேரம் போகிறது. உகந்தையில் காட்டுப்பாதை திறப்பதற்கு முதல்நாள் மாலையில் வந்து, "சாமி, விடியக் கிளம்புகிறோம்" என்று கன்வஸை நீட்டினால் தையல் மட்டுமே போட்டுத் தருவேன். மெழுகேற்ற வேண்டுமென்றால் மூன்று நாள் வெயில் வேண்டும்.